பழைய செவ்ரோலெட் பிக்கப்பும் அதன் ஏசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரல் மோட்டார்ஸ் 1967 முதல் 1972 வரை விற்ற செவ்ரோலெட் சி10 பிக்கப்பையோ அதன் உடன்பிறப்பான ஜிஎம்சியையோ வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. டெக்சஸ், அரிசோனா பக்கம் இருப்பவர்கள் என்ஜினைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஏசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களில் பெரும்பகுதி ஏசிக்கே போயிருக்கிறது.

இத்தனை பழைய பிக்கப்கள் இருக்க, ஏன் இந்த ஆறு வருட மாடல்?

உதிரி பாகம் கிடைப்பதுதான் முதல் காரணம். கதவு, ஃபெண்டர், தரைத் தகடு, கேபின் மூலைகள் என்று ஏறக்குறைய எல்லாத் தகடும் புதிதாக அடித்து விற்கப்படுகிறது. செவ்ரோலெட் சி10-இல் பின்பக்கமும் காயில் ஸ்பிரிங்தான் வழக்கம் (ஜிஎம்சியில் பட்டை ஸ்பிரிங்). அதனால் சரக்கு வண்டி மாதிரி தூக்கிப் போடாமல் ஓரளவு கார் மாதிரியே ஓடும்.

வீல்பேஸில் இரண்டு அளவு உண்டு: 115 அங்குலம், 127 அங்குலம். குட்டை வண்டிக்குத்தான் எல்லோரும் அலைகிறார்கள், விலையும் அதற்கேற்ப எகிறுகிறது. தினமும் ஓட்ட நினைப்பவர் நீளமானதை வாங்கி, மிச்சமாகும் பணத்தை ஏசியிலும் பிரேக்கிலும் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. கேபின் இரண்டிலும் ஒன்றுதான், குளிர்விக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். 1971-இல் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதே வருடம் இரு சக்கர இழுவை சி10-இல் ஆறு போல்ட் வீல் போய் ஐந்து போல்ட் வீல் வந்தது. பழைய டிரம் பிரேக் வண்டியை வாங்கினால் டிஸ்க் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் துருவை எங்கே தேடுவது?

கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகடு, கேபினின் பின்மூலைகள், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகடு, கேபினைச் சேஸிஸோடு பிடிக்கும் மவுண்டுகள், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். பளபள பெயின்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு கனம் என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும். தகட்டில் ஒட்டாத இடத்தில் நிற்பது பட்டி.

கண்ணாடிக்குக் கீழே பானெட்டை ஒட்டி இருக்கும் கௌல் தகட்டை மட்டும் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. இலைதழை விழுந்து, தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். கேபினுக்குள் வரும் வெளிக்காற்று இந்த வழியாகத்தான் வருகிறது. கௌல் ஓட்டையாக இருந்தால் மழைக்காலத்தில் தரைவிரிப்பு நனையும், கோடையில் என்ஜின் அனல் உள்ளே வரும். எவ்வளவு நல்ல ஏசி போட்டாலும் இந்த ஓட்டையோடு அது ஜெயிக்காது.

இன்னொன்று: இந்த மாடல்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. 1973 மாடலில்தான் அது வெளியே போனது. கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் நிரப்பு குழாயின் ரப்பரையும், டேங்க் மேல் பெட்ரோல் அளவைக் காட்டும் சென்டர் (sender) கருவியின் கேஸ்கெட்டையும் முதலில் மாற்றுங்கள். ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே ஓட்டப்போகிறீர்கள்?

என் வண்டி தொழிற்சாலையிலிருந்தே ஏசியோடு வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையுறைப் பெட்டியின் மூடியைத் திறங்கள். உள்பக்கத்தில் ஒரு காகிதப் பட்டியல் ஒட்டியிருக்கும். வண்டியோடு வந்த கூடுதல் வசதிகள் குறியீட்டு எண்ணோடு அதில் அச்சாகியிருக்கும். சி60 என்று இருந்தால் ஏசி. பட்டியல் கிழிந்துபோயிருந்தாலோ யாராவது அதன் மேலேயே பெயின்ட் அடித்திருந்தாலோ, டேஷ்போர்டைப் பாருங்கள். தொழிற்சாலை ஏசி வண்டியின் டேஷ்போர்டில் காற்று வரும் திறப்புகள் தகட்டிலேயே அடித்திருக்கும், பிறகு வெட்டியதாகத் தெரியாது. பானெட்டைத் திறந்தால் பயணி பக்க ஃபயர்வாலில் பெரிய ஏசிப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஏசி இல்லாத வண்டியில் அந்த இடத்தில் சின்ன ஹீட்டர் பெட்டி மட்டும்தான்.

அசல் ஏசியைச் சரிபார்ப்பதா, அதைத் தூக்கிவிட்டுப் புது கிட் போடுவதா?

பட்டியலில் சி60 இருந்து, பெட்டியும் டக்ட்டுகளும் உடையாமல் இருந்தால் அசலையே காப்பாற்றுங்கள். அந்த வண்டிகள் குறைவு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி எறிந்தால் பிறகு தேடுவது கஷ்டம், விற்கும்போதும் அசல் ஏசிக்கு மதிப்பு உண்டு. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரையும், ரேடியேட்டர் முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் நவீனமாக மாற்றிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வது நல்ல நடுவழி.

ஏசியே இல்லாமல் வந்த வண்டியாக இருந்தால், பழைய வண்டியொன்றிலிருந்து அசல் பாகங்களைப் பிடுங்கி மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். டேஷ்போர்டு வேறு, ஃபயர்வால் துளைகள் வேறு, வெட்டி ஒட்ட வேண்டிய வேலை நிறைய. இதற்கென்றே செய்த கிட்டை வாங்குவது மேல். சான் ஆன்டோனியோவில் 1976-இல் தொடங்கிய வின்டேஜ் ஏர் போன்ற நிறுவனங்கள் இந்த மாடலுக்கென்றே அளவெடுத்த கிட் விற்கின்றன. கூலிங் காயில், ஹீட்டர், புளோயர் மூன்றும் ஒரே பெட்டியில் டேஷுக்குப் பின்னால் அடங்கிவிடும்.

டேஷுக்குக் கீழே தொங்கும் ஒரு பெட்டியோடு வண்டி வந்திருக்கிறது. அது என்ன?

வண்டியை வாங்கிய பிறகு ஊரில் மாட்டிய ஏசி. நடுவில் உட்காருபவரின் முழங்காலை இடிக்கும். அமெரிக்காவில் இதற்குப் பட்டப்பெயரே அப்படித்தான். இந்தத் தொழிலின் தலைநகரம் அன்று டெக்சஸ்தான். மார்க் 4 என்ற பெயரில் இந்தப் பெட்டிகளை விற்ற டல்லாஸ் நிறுவனம் அதற்கு முன் பருத்தி அரவை ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொண்டிருந்தது. வெயிலும் பருத்தியும் உள்ள ஊரில் இப்படி ஒரு தொழில் மாற்றம் நடந்ததில் வியப்பில்லை.

பெட்டி நல்ல நிலையில் இருந்தால் கழற்ற வேண்டாம். காற்று நேராக முகத்துக்கு வரும், டக்ட் கசிவு என்ற தொல்லையே கிடையாது. கூலிங் காயிலையும், அதற்குள் போகும் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மட்டும் மாற்றி, உறையைப் பழைய அழகோடு விட்டுவிடலாம். ஆனால் இது வெறும் குளிர்ச்சிதான். கண்ணாடியில் படியும் பனியை விரட்ட ஹீட்டர் பெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

பழைய ஏ6 கம்ப்ரசரை வைத்துக்கொள்ளலாமா?

ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் பிரிவு 1962-இல் கொண்டுவந்த கம்ப்ரசர் அது. இரு முனையிலும் வேலை செய்யும் மூன்று பிஸ்டன்கள், ஆகவே ஆறு சிலிண்டர் கணக்கு. கொள்ளளவு சுமார் 206 கன சென்டிமீட்டர். இன்று கிட்டோடு வரும் சாண்டன் நிறுவனத்தின் 508 கம்ப்ரசர் வெறும் 138, ஏழு பிஸ்டன் சாண்டன் 155. அதாவது ஏ6 மெதுவாகச் சுற்றும்போதும் அதிக கேஸைத் தள்ளும். சிக்னலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

எடை கிட்டத்தட்ட 16 கிலோ. சாண்டன் அதில் பாதிகூட இல்லை. ஏ6 நிறைய குதிரைத்திறனையும் தின்னும். ஆறு சிலிண்டர் 250 (கன அங்குல) என்ஜினில் கம்ப்ரசரின் கிளட்ச் பிடிக்கும்போது வண்டி தலையசைப்பது தெரியும், வி8-இல் தெரியாது.

அதன் தீராத வியாதி ஷாஃப்ட் சீல் கசிவு. வண்டி பல மாதம் சும்மா நின்றால் சீல் காய்ந்து கசியும், கிளட்சுக்குப் பின்னால் பானெட்டின் அடிப்பக்கம் எண்ணெய் தெறித்த கோடு விழும். சீலை மாற்றலாம், அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும். நம்பகமான கடையில் ரீபில்ட் செய்த ஏ6 கிடைத்தால், அசல் தோற்றம் வேண்டும் என்பவருக்கு அதுவே சரி. தினசரி ஓட்டத்துக்கு, குறிப்பாகச் சிறிய என்ஜினுக்கு, நான் சாண்டன் பக்கம்தான் நிற்பேன். ஏ6 மாட்டிய அதே இடத்தில் சாண்டன் உட்கார பிராக்கெட் கிடைக்கிறது.

மொத்த வேலையை எந்த வரிசையில் செய்வது? ஏசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா?

கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஏசி சரியாகக் குளிர்விக்காததன் காரணம் இந்த "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்"தான். கேஸ் அடிப்பது கடைசியில், ஆனால் ஏசியைப் பற்றிய முடிவு முதல் நாளில்.

டிங்கர் வேலையின்போதே ஃபயர்வாலில் ஏசிக்கான துளை எங்கே, ஹீட்டர் ஹோஸ் எங்கே என்று தீர்மானித்து, வேண்டாத துளைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடிவிட வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு துளையிட்டால் அங்கே துரு ஆரம்பிக்கும். கேபின் காலியாக இருக்கும்போதே தரை, ஃபயர்வால், கூரை, பின்சுவர் எல்லாவற்றுக்கும் வெப்பம் தடுக்கும் விரிப்பை ஒட்டிவிடுங்கள். டேஷ்போர்டு ஏறிய பிறகு ஃபயர்வால் உட்பக்கம் கை போகாது. பிறகு ஏசிப் பெட்டி, அதற்குப் பிறகுதான் வைப்பர் மோட்டார், வயரிங், டேஷ்.

முன்பக்கத்திலும் இதே கதை. ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்பே அதன் முன்னால் கண்டென்சர் நிற்கப்போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏசி இல்லாத ஆறு சிலிண்டர் வண்டிக்கான மெல்லிய ரேடியேட்டரைப் புதிதாக வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதைத் தூக்கிப்போட்டவர்கள் நிறைய. ஆல்டர்னேட்டர், புல்லிகள், பானெட் பூட்டு நிற்கும் தாங்கி எல்லாமே ஏசியோடு சம்பந்தப்பட்டவை.

பழைய ஆர்-12 கேஸ் இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, விலை கொடுத்தால். அந்தக் கால ஏசிகளில் சுற்றிக் குளிர்விக்கும் கேஸான ஆர்-12 பிறந்ததே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டில்தான். அந்நிறுவனத்தின் தாமஸ் மிட்ஜ்லியும் சகாக்களும் உருவாக்கியதை, 1930-இல் ரசாயன நிறுவனமான டூபான்ட்டோடு கூட்டுச் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தீப்பிடிக்காது, விஷமில்லை என்று கொண்டாடினார்கள். இத்தகைய குளோரின் சேர்மங்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1995 முடிவோடு அமெரிக்காவில் புதிய ஆர்-12 உற்பத்தி நின்றது. 1994 மாடல் கார்களிலேயே அதற்கு மாற்றான ஆர்-134ஏ கேஸ் வந்துவிட்டது.

இன்று விற்பது அன்றைய கையிருப்பும், பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டுச் சுத்தம் செய்ததும்தான். அதை வாங்க, அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டத்தின் 609-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் வேண்டும். இது பெரிய மலையில்லை, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்துத் தேர்வு எழுதினால் கிடைக்கும். அசல் ஏசி கசிவில்லாமல் இருந்து, கொஞ்சம் கேஸ் மட்டும் குறைந்திருந்தால் ஆர்-12 அடிப்பதில் தப்பில்லை. அந்த அமைப்பு அதற்காகவே செய்தது, அதில்தான் நன்றாகக் குளிரும். கசிகிற அமைப்பில் அடிப்பது பணத்தையும் ஓசோனையும் சேர்த்து வீணடிப்பது.

வண்டியில் மிச்சமிருக்கும் கேஸைத் திறந்துவிட்டு ஊதித் தள்ளுவது சட்டவிரோதம். ஆர்-12 ஆனாலும் ஆர்-134ஏ ஆனாலும் இதே விதிதான். கழற்றும் முன் ஒரு கடைக்கு எடுத்துச்சென்று மீட்கச் சொல்லுங்கள்.

ஆர்-134ஏ-வுக்கு மாற்ற, கேஸ் நிரப்பும் வாய்க்கு அடாப்டர் மட்டும் போட்டால் போதாதா?

ஓடும். நன்றாக ஓடாது, நீண்ட நாள் ஓடாது.

முதல் சிக்கல் எண்ணெய். பழைய கனிம எண்ணெய் ஆர்-134ஏ-வோடு கலக்காது. கேஸ் சுற்றிவந்தாலும் எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் மூலையில் தேங்கும், கம்ப்ரசர் வறண்டு செத்துப்போகும். ஆகவே பழைய எண்ணெயை வடித்து, குழாய்களை இதற்கான கரைப்பானால் அலசி, எஸ்டர் அல்லது பிஏஜி என்ற செயற்கை எண்ணெய் ஊற்ற வேண்டும். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதைக் கம்ப்ரசர் தயாரித்தவர் சொன்னபடி செய்யுங்கள். டிரையரைக் கட்டாயம் மாற்றுங்கள், பழையதன் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் புதிய கேஸுக்கு ஒத்துவராது. ஓ-ரிங்குகளும் அப்படியே, எச்என்பிஆர் ரப்பரில் (பெரும்பாலும் பச்சை நிறத்தில்) வருவதைப் போடுங்கள்.

கண்டென்சர்தான் அடுத்தது. பழைய கண்டென்சர் நீண்ட ஒற்றைக் குழாய் வளைந்து வளைந்து போவது. ஆர்-134ஏ-வுக்கு அது போதுவதில்லை, அழுத்தம் ஏறும், சிக்னலில் குளிர்ச்சி போகும். பல மெல்லிய குழாய்கள் அருகருகே ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சருக்கு மாறுவது, மொத்த வேலையில் மிகப் பயனுள்ள ஒரே மாற்றம் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: கம்ப்ரசர் உள்ளே நொறுங்கித் துகள் பரவியிருந்தால் இந்த வகைக் கண்டென்சரை அலசிச் சுத்தம் செய்ய முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

ஹோஸ்களும் வயதானவை. உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸில்தான் இந்த கேஸ் தங்கும்.

உங்கள் அமைப்பில் உறிஞ்சு பக்கத்தில் பிஓஏ என்ற உருளை வால்வ் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. கூலிங் காயில் உறைந்து பனிக்கட்டியாகாமல் பார்த்துக்கொள்ள அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஆர்-12 பூஜ்யம் டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐ. ஆர்-134ஏ அதே டிகிரியில் 28-க்குள். ஆகவே பழைய அழுத்த அளவிலேயே வால்வை விட்டால் காயில் தேவையானதைவிடச் சூடாக இருக்கும். வால்வைக் கொஞ்சம் குறைத்துத் திருக வேண்டும், அல்லது அதை நீக்கிவிட்டு, காயில் உறையும் முன் கம்ப்ரசரை நிறுத்தும் ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் புதிய கேஸின் பெயர் எழுதிய லேபிளைப் பானெட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். அது விதி. அடுத்து கை வைக்கும் மெக்கானிக்குக் குழப்பம் வராமலிருக்கும்.

"ஆர்-12-க்கு நேரடி மாற்று, எதையும் மாற்ற வேண்டாம்" என்று ஒரு டப்பா விற்கிறார்களே?

உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். அடுப்பு கேஸ். குளிர்விக்கும், சந்தேகமில்லை. கார் ஏசியில் ஆர்-12-க்குப் பதிலாக இதைப் போட அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதிக்கவில்லை. கூலிங் காயில் கேபினுக்குள் இருக்கிறது, பெட்ரோல் டேங்க்கும் இந்த வண்டியில் கேபினுக்குள் இருக்கிறது. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. கசிவை அடைக்கும் பசை கலந்த டப்பாக்களையும் தொடாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும், கடைக்காரரின் இயந்திரத்தையும் கெடுக்கும், பிறகு உங்கள் வண்டியை யாரும் எடுக்கமாட்டார்கள்.

வீட்டிலேயே கேஸ் அடிக்கலாமா?

சொந்த வண்டிக்கு ஆர்-134ஏ அடிக்கத் தடையில்லை. தானாக மூடிக்கொள்ளும் வாயுள்ள சிறிய டப்பாக்கள் கடையில் கிடைக்கும். ஆனால் டப்பாவும் அதோடு வரும் ஒற்றை மீட்டரும் போதாது. இரண்டு பக்க அழுத்தமும் காட்டும் மேனிஃபோல்ட் கேஜ், வேக்யூம் பம்ப், எடைத் தராசு மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் பல உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகின்றன.

இணைப்பு இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் போடுங்கள். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. அலுமினியக் குழாய் முறுக்கிக்கொண்டால் கதை முடிந்தது. ஓ-ரிங்கில் கனிம எண்ணெய் தடவுங்கள், பிஏஜி வேண்டாம், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும்.

பிறகு உலர்ந்த நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். ஆக்சிஜனோ கம்ப்ரசர் காற்றோ ஒருபோதும் கூடாது. கசிவில்லை என்றால் வேக்யூம் போடுங்கள், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல். காற்றை இழுப்பது மட்டும் இதன் வேலையில்லை. அழுத்தம் குறையும்போது உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். கேஜ் 29 அங்குல (பாதரச) வேக்யூமுக்கு மேல் காட்ட வேண்டும். டென்வர் போன்ற உயரமான ஊரில் அந்த எண் வராது, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். பம்பை மூடிவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள், முள் நகரக்கூடாது.

கேஸை எடை போட்டு அடியுங்கள். வின்டேஜ் ஏரின் ஜென் 4 கிட்டுக்கு 1.8 பவுண்டு, அதாவது 28.8 அவுன்ஸ். பன்னிரண்டு அவுன்ஸ் டப்பா இரண்டும், மூன்றாவதில் பாதிக்குக் குறைவாகவும். பழைய ஆர்-12 அமைப்பை மாற்றும்போது அசல் அளவில் 80 முதல் 90 சதவீதம் வரை. "குளிர்கிற வரை அடி" என்பது ஆர்-12 காலத்துப் பழக்கம். உள்ளே கேஸ் ஓடுவதைக் காட்டும் கண்ணாடித் துவாரத்தில் நுரை மறைகிற வரை அடிக்கும் வித்தையும் ஆர்-134ஏ-வில் அளவை மிஞ்சவைத்துவிடும்.

ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் அனல் வருகிறது. கேஸ் குறைவா?

பெரும்பாலும் இல்லை. கண்டென்சர் மேல் காற்றுப் போகவில்லை. முதலில் ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் (காற்றைக் குவிக்கும் கூடு) இருக்கிறதா பாருங்கள். என்ஜின் மாற்றும்போது கழற்றி எங்கோ மூலையில் போட்டிருப்பார்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் பக்கவாட்டுக் காற்றைத்தான் கலக்கும். அடுத்து ஃபேன் கிளட்ச் தளர்ந்ததா, இறக்கைகள் எத்தனை என்று பாருங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மேலும் பக்கமும் இருக்கும் இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்றே திரும்பவும் முன்னால் சுற்றிவரும்.

சோதனை சுலபம். கேஜை மாட்டி, என்ஜினை 1,500 சுற்றில் வைத்து, உயர் அழுத்தத்தைப் பாருங்கள். வெளி வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்து 2.2 முதல் 2.5 வரை பெருக்கினால் வரும் எண் இயல்பானது. 95 டிகிரி நாளில் 210 முதல் 240 பிஎஸ்ஐ-க்குள். அது 300-ஐத் தாண்டினால் கண்டென்சர் முன் ஹோஸ் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கி வென்ட்டில் குளிர் வந்தால் குறை காற்றோட்டத்தில். இறங்கவில்லையென்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது.

அழுத்தமெல்லாம் சரி, ஆனால் குளிர்ச்சியே போதவில்லை. என்ன?

ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், கவனமாக. இரண்டும் கொதித்தால் ஹீட்டர் வால்வ் மூடவில்லை. ஒரே பெட்டிக்குள் கூலிங் காயில் குளிர்விக்க, பக்கத்தில் ஹீட்டர் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஹோஸைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு நெருக்கிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். வென்ட்டில் 10 டிகிரி செல்சியஸ் குறைவதைக்கூடப் பார்க்கலாம். பல பேர் இதைச் செய்யாமல் இரண்டாவது கம்ப்ரசர் வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்த சந்தேகம், வெளிக்காற்று. காலடிப் பக்கம் இருக்கும் காற்றுத் திறப்பின் மூடி ரப்பர் பொடிந்து போயிருக்கும். கதவு ரப்பர், கியர் கம்பி வரும் துளை, பெடல் துளைகள் எல்லாவற்றையும் அடையுங்கள். இருட்டில் கேபினுக்குள் உட்கார்ந்து, வெளியே ஒருவர் டார்ச் அடித்தால் ஓட்டை தெரியும்.

வென்ட்டில் எத்தனை டிகிரி எதிர்பார்க்கலாம்?

வறண்ட ஃபீனிக்ஸையும் ஈரம் சொட்டும் ஹூஸ்டனையும் ஒப்பிடக்கூடாது. ஈரக்காற்றில் ஏசியின் சக்தியில் பெரும்பகுதி ஈரத்தைத் தண்ணீராக்கவே போகும். கேபின் காற்றையே திரும்பச் சுற்றவிட்டு, நெடுஞ்சாலை வேகத்தில், நடு வென்ட்டில் 45 முதல் 55 பாரன்ஹீட் (7 முதல் 13 செல்சியஸ்) வந்தால் திருப்தியோடு இருங்கள். அடர் வண்ணத்தை விட வெள்ளை அல்லது வெளிர் நீலக் கூரை உதவும். இந்த மாடல்களில் இரு வண்ணப் பெயின்ட் தொழிற்சாலையிலேயே உண்டு என்பதால் அசலைக் கெடுத்ததாகவும் ஆகாது.

வயரிங்கில் என்ன மாற்றம் வேண்டும்?

பழைய 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தாங்காது. புளோயர், கிளட்ச், ஹெட்லைட் சேர்ந்தால் சிக்னலில் விளக்கு மங்கும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் 12எஸ்ஐ வகை 94 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தோற்றத்திலும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். எலெக்ட்ரிக் ஃபேன் போடுவதானால் அதைவிடப் பெரியது வேண்டும். ஃபேனுக்கும் புளோயருக்கும் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே. ஐம்பது வருடப் பழைய ஃப்யூஸ் பெட்டியிலிருந்து இழுக்காதீர்கள். கம்ப்ரசர் கிளட்சின் வயரை அழுத்த ஸ்விட்ச் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கேஸ் தீர்ந்தாலும், அழுத்தம் எகிறினாலும் அதுதான் கம்ப்ரசரைக் காப்பாற்றும்.

பயணி பக்கம் தரைவிரிப்பு நனைகிறது. கேஸ் கசிவா?

கேஸ் கசிந்தால் நனையாது. கூலிங் காயில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பெட்டி பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. குழாயில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கௌலைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் வண்டியை ஓட்டுவதில்லை. ஏசிக்கு என்ன செய்ய வேண்டும்?

மாதம் ஒருமுறையாவது என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் பத்து நிமிடம் போடுங்கள். எண்ணெய் சுற்றி ஷாஃப்ட் சீல் ஈரமாக இருக்கும். மிகவும் குளிரான நாளில் அழுத்த ஸ்விட்ச் கிளட்சைப் பிடிக்கவிடாது. அப்போது அதை ஏமாற்ற வயரை நேராகக் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் வெயில் வரும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். பெல்ட்டைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை. கண்டென்சரின் முன்னால் எலி கூடு கட்டாமல் மட்டும் வசந்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.